சீருடைப் பங்கு

எங்கள் தெருவில் பொதுமக்கள் என்று யாருமே இருந்ததில்லை. சண்டை வருவதற்கு முந்தைய காலத்தைச் சொல்கிறேன். மெம்பர் மக்கள் பிரதிநிதி. கூட்டம் எங்கே நடந்தாலும் அவருக்கு முன்வரிசையில் கை வைத்த நாற்காலி போட்டாக வேண்டும். அவருக்கு மூன்றாம் வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்த மாடிவீட்டு டீச்சர், பள்ளிக்கூட வாசலுக்கு வெளியே நிற்பவர்கள்தான் பொதுமக்கள் என்று நினைத்திருந்தார். மருந்துக்கடைக்காரருக்குக் கல்லாவுக்கு அந்தப் பக்கம் நிற்பவர்கள். முச்சந்தியில் போக்குவரத்தைப் பார்த்துக்கொள்ளும் போலீஸ்காரருக்கோ அது நாள் முழுக்க வாயில் கிடக்கிற சொல்: "பொதுமக்கள் ஓரமா போங்க, பொதுமக்கள் ஓரமா போங்க."

நான் மட்டும் என்ன யோக்கியம்? தெருமுனையில் இஸ்திரிக் கடை வைத்திருக்கிறேன். ஊர்த் துணியெல்லாம் என் மேசைக்கு வந்து போகிறது. எந்த வீட்டில் புருஷன் பெண்சாதி பேச்சுவார்த்தை இல்லை என்பது தலையணை உறைக்குத் தெரியும். தலையணை உறை என்னிடம் எதையும் மறைத்ததில்லை. இவ்வளவு விஷயம் தெரிந்தவளைப் பொதுமக்களில் கொண்டுபோய்ச் சேர்த்தால் ஒத்துக்கொள்வேனா?

ஐந்து மாதச் சண்டை எல்லாரையும் மரியாதையாகக் கீழே இறக்கிவைத்தது. போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பள்ளிக்கூட வராந்தாவில் நீல அங்கி போட்ட ஒரு அம்மாள் மேசை போட்டு உட்கார்ந்தார். நிவாரணக்காரர்கள் அனுப்பியவர். அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. வியாழக்கிழமை காலை ஒரே ஒரு பேருந்து, சோதனைச் சாவடியைத் தாண்டி அந்தப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறது. சண்டை போடுகிற இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டிருக்கின்றன. நோயாளியும் துணைக்கு ஒருவரும் போகலாம். பொதுமக்கள் மட்டும். பட்டியல் புதன் மதியத்தோடு முடியும்.

அவ்வளவுதான். முன்வரிசை நாற்காலிக்குச் சண்டை போட்ட தெரு, பொதுமக்கள் வரிசையில் முண்டியடித்து நின்றது. எனக்கு நோயும் இல்லை, நோயாளியும் இல்லை. ஆனால் ஒரு வரிசை நிற்கும்போது அதில் என்ன பேசுகிறார்கள் என்று தெரியாமல் கடையில் உட்கார்ந்திருக்க என்னால் முடியாது. நானும் போய் நின்றேன்.

எனக்கு முன்னால் விசில் நின்றார். முச்சந்திப் போலீஸ்காரருக்குத் தெரு வைத்த பேர் அது. கையில் அவருடைய ஏழு வயதுப் பெண் குட்டி. பதினொரு நாளைக்கு முன்னால் இரண்டு தெரு தள்ளி குண்டு ஒன்று வந்து விழுந்தபோது, இவர்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடி உடைந்து ஒரு துணுக்கு குட்டியின் வலது கண்ணில் ஏறிவிட்டது. ஊரில் மிச்சமிருக்கிற ஒரே டாக்டர் கட்டுப் போட்டுவிட்டுக் கையை விரித்தார். "ரெண்டு வாரத்துக்குள்ள அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியில எடுத்தாகணும். விட்டா இந்தக் கண்ணு போயிடும். இதைச் சாக்கு வச்சு அந்தக் கண்ணும் போகலாம்" என்றார். குட்டிக்கு அம்மா இல்லை. போய் மூன்று வருடமாகிறது. தலை பின்னுவதும் விசில்தான். இரண்டு சடையும் தராசில் வைத்த மாதிரி சமமாக இருக்கும். நடு வகிடு நெடுஞ்சாலை போல நேராக ஓடும். தொழில் பழக்கம்.

"என்ன தொழில்?" என்று நீல அங்கி அம்மாள் கேட்டார்.

"போலீஸுங்க. போக்குவரத்து."

பின்னாலிருந்து மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "அம்மா, ஒரு சந்தேகம். போலீஸ்காரர் எப்படிப் பொதுமக்கள்ல வருவாரு? நேத்து வரைக்கும் எங்களைத்தானே ஓரமா போகச் சொல்லிக்கிட்டிருந்தாரு?"

வரிசை சிரித்தது. விசிலும் சிரித்தார். வேடிக்கைக்குச் சொன்னது என்பது அவருக்குத் தெரியும்.

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. "போலீஸ்காரங்களும் பொதுமக்கள்தான் சார். சட்டை என்ன நிறம்னு நாங்க பாக்கறதில்ல. படையோட சேர்ந்து சண்டை போடுறாங்களான்னுதான் பாப்போம்" என்றவர் விசில் பக்கம் திரும்பி, "உங்களுக்குத் துப்பாக்கி கொடுத்தாங்களா?" என்று கேட்டார்.

"ஆரம்பத்துல எங்களை வரிசையா நிக்க வச்சு, விருப்பம் இருக்கிறவங்க எடுத்துக்கங்கன்னாங்க. நான் எடுக்கல. பதினோரு வருஷமா விசில்தான்."

"எடுத்திருந்தா?" என்றார் டீச்சர். இல்லாத கணக்குக்கும் விடை கேட்பது அவர் வழக்கம்.

"எடுத்திருந்தா நானும் வேற பதில் சொல்லியிருப்பேன்" என்றார் அம்மாள்.

அதுவரை தூணோரம் நின்றிருந்த மெம்பர் தொண்டையைச் செருமினார். "அப்படின்னா... தேர்ந்தெடுக்கப்பட்ட மக்கள் பிரதிநிதிங்க?"

"அவங்களும் பொதுமக்கள்தான். மெம்பர், மேயர், யாரா இருந்தாலும்."

பாதிச் சாப்பாட்டில் எழுப்பிவிடப்பட்டவர் போல ஆனது மெம்பர் முகம். பேருந்தில் அவர் போகப்போவதுமில்லை, அவருக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. ஆனாலும் மேயரோடு சேர்த்துச் சொன்னதை நினைத்துக் கொஞ்சம் ஆறுதல் அடைந்துகொண்டிருந்தார். அந்த ஆறுதல் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை.

நீல அங்கி அம்மாள் இன்னொரு காகிதக் கட்டைப் புரட்டினார். விரல் ஓரிடத்தில் நின்றது. "உங்க பேரு இங்க இருக்கே" என்றார் விசிலிடம்.

"எங்கங்க?"

"இது ரேஷன் ஆபீஸ் பட்டியல். இதுல 'படைப் பிரிவுடன் இணைந்தவர்' பகுதியில நீங்க இருக்கீங்க. நாலு மாசமாச் சீருடைப் பங்கு வாங்கியிருக்கீங்க. ஒப்பந்தப்படி இதே பட்டியல் சாவடியில இருக்கிற அந்தப் பக்கத்துக்காரங்க கையிலயும் இருக்கு. இதைப் பாத்துட்டு உங்களை நான் ஏத்தினா, உங்களை மட்டும் இல்ல, பஸ்ஸையே திருப்பி அனுப்பிடுவாங்க. பட்டியல் தப்பா?"

இவ்வளவு நேரம் சந்தைக்கடை போலிருந்த வரிசை கப்சிப் என்று ஆனது. மருந்துக்கடைக்காரர் தன் செருப்பைப் பார்த்தார். டீச்சர் கூரையைப் பார்த்தார். மெம்பரைக் காணோம், தூண் மட்டும் கொஞ்சம் அகலமாகத் தெரிந்தது. நான் யாரையும் பார்க்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவை.

"தப்புன்னா ஒரு வழி இருக்கு" என்று அந்த அம்மாளே தொடர்ந்தார். "ஒரு மெம்பர் கொடுத்த கடிதத்தை வச்சு உங்க பேரை ஏத்தியிருக்காங்க. அவரு கடிதம் பொய்னு எழுதிக் கொடுக்கணும். கூடவே, விஷயம் தெரிஞ்ச பொதுமக்கள் மூணு பேர் கையெழுத்து. நான் அதை இணைச்சு அனுப்புறேன்."

விசில் எங்களைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. "தப்பில்லைங்க. பட்டியல் சரிதான்" என்றார். பிறகு, "பாப்பாவை வேற யாராவது கூட்டிக்கிட்டுப் போனா?" என்று கேட்டார்.

"பெத்தவங்க கையெழுத்து இல்லாம அங்க கத்தி வைக்க மாட்டாங்க சார்."

அவர் குட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். ஒற்றைக் கண்ணால் பார்க்கிற பிள்ளை, கடைசிப் படி எங்கே இருக்கிறது என்று காலால் தேடியது.

விசில் ஏன் அப்படிச் சொன்னார், நாங்கள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்பதைச் சொல்லாமல் விட்டால் நான் கதையைப் பாதியில் மென்று விழுங்கியவள் ஆவேன்.

நாலு மாதத்துக்கு முன்னால் ரேஷன் ஆபீஸில் ஒரு புது அறிவிப்பு வந்தது. படையோடு சேர்ந்து வேலை செய்கிற சீருடைக்காரர்களுக்குத் தனிப் பங்கு: வாரம் இரண்டு பாட்டில் எண்ணெய், ஒரு பெரிய கட்டி சோப்பு, கூடுதலாக மாவு. மற்றவர்களுக்கு மாவு மட்டும், அதுவும் புழுவோடு. மருந்துக்கடைக்காரர் வீட்டில் அப்போதுதான் இரட்டைக் குழந்தைகள் பிறந்திருந்தன. பூச எண்ணெய் இல்லை. துணி அலச சோப்பு இல்லை. பிள்ளைகளின் தொடையெல்லாம் தோல் உரிந்து கிடந்தது.

அப்போது ஒரு யோசனை பிறந்தது. யாருக்கு என்பதில் இன்றைக்கும் தகராறு. மருந்துக்கடைக்காரர் எனக்கு என்கிறார். நான் அவருக்கு என்கிறேன். சத்தியம் பண்ணு என்றால் இரண்டு பேருமே பேச்சை மாற்றிவிடுவோம். விசில் சீருடைக்காரர்தானே, அவரைப் படையோடு சேர்ந்தவர் என்று எழுதிவிட்டால் என்ன? மெம்பர் தன் பேர் அச்சடித்த தாளில் கடிதம் எழுதி முத்திரை குத்தினார். டீச்சர் எழுத்துப்பிழை திருத்தினார்.

விசில் மட்டும் தயங்கினார். "பொய்தானே அக்கா இது?"

"என்ன பொய்? உன் விசிலைக் கேட்டு எத்தனை பேரு பிரேக்கு போட்டு நடுங்கியிருக்காங்க! அதுவும் ஒரு ஆயுதம்தான் தம்பி" என்றேன் நான். இந்த நாக்கை என்ன செய்வது?

இரட்டைக் குழந்தைகளை எட்டிப் பார்த்துவிட்டு வந்து, அவர் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார். அதிலிருந்து வாராவாரம் வெள்ளிக்கிழமை பை நேராக என் இஸ்திரி மேசைக்கு வரும். சோப்பை நூல் வைத்து ஐந்தாக அறுப்பேன். எண்ணெயை மருந்துக்கடையிலிருந்து வந்த சிரப்பு மூடியால் அளப்போம். டீச்சர், மெம்பர், மருந்துக்கடைக்காரர், நான், விசில். ஐந்து வீடு, ஐந்து பங்கு. குழந்தைகளுக்காக மருந்துக்கடைக்காரருக்கு மட்டும் இரண்டு மூடி கூடுதல். தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா? நான் மேசையில் சிந்திய எண்ணெயைத் துடைத்து முழங்கையில் தேய்த்துக்கொள்வேன். ஆனால் பங்கு யார் பேரில் வந்ததோ அந்த மனிதர் ஒரு சொட்டு அதிகம் கேட்டதில்லை. மாவைக்கூட முச்சந்தியில் தண்ணீர் லாரிக்கு வரிசை நிற்கிற கிழடுகளுக்குக் கொடுத்துவிடுவார். வண்டியே ஓடாத ஊரில் அந்தத் தண்ணீர் வரிசையை ஒழுங்குபடுத்துவதுதான் இப்போது அவருக்கு வேலை.

பட்டியல் தப்பு என்று அவர் சொல்லியிருந்தால், அந்த எண்ணெயைத் தின்றது யார் என்ற கேள்வி வந்திருக்கும். அதனால்தான் சரி என்றார்.

அன்று மதியம் நாலு பேரும் என் கடையில் கூடினோம். பெட்டியில் கரி கனன்றுகொண்டிருந்தது. யாரும் அதைத் தொடவில்லை.

"நான் தின்னேன். எழுதித் தர்றேன்" என்று டீச்சர் முதலில் சொன்னார். "பொய்க் கடிதத்துல பிழை வேற திருத்தினேன். எனக்கு முட்டிக்கால் போட வயசில்ல, கையெழுத்துப் போட வயசு இருக்கு."

மருந்துக்கடைக்காரர் நெற்றியைத் தேய்த்தார். "எனக்கும் போடணும்னுதான் இருக்கு. ஆனா ரேஷன் ஆபீஸுக்குத் தெரிஞ்சா நம்ம அட்டையை ஒரு மாசம் நிறுத்திடுவாங்க. ரெண்டு பச்சைப் பிள்ளைங்க இருக்கு வீட்டுல. நான் என்ன பண்ணட்டும்?"

அதில் தப்புச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "வீட்டுல கேட்டுட்டு வாங்க" என்றேன்.

போனவர் கால்மணி நேரத்தில் திரும்பினார். காது சிவந்திருந்தது. "வீட்டுக்காரி சொல்லிட்டா. அந்த மனுஷன் கொண்டாந்த எண்ணெயிலதான் நம்ம பிள்ளைங்க தோலு ஒட்டியிருக்கு, கையெழுத்துப் போடாம இந்த வீட்டுப் படி ஏறாதீங்கன்னு. பேனா இருக்கா?"

என்னோடு மூன்று பேர் ஆகிவிட்டது. எல்லாரும் மெம்பரைப் பார்த்தோம்.

மெம்பர் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "நீங்க போடலாம். நீங்க பொதுமக்கள். மக்கள் பிரதிநிதி கொடுத்த கடிதம் அப்படி இல்ல. இன்னிக்கு ஒண்ணு, நாளைக்கு ஒண்ணுன்னு எழுதினா பதவிக்கு என்ன மரியாதை?"

"டேய்" என்றார் டீச்சர். "ஒன்பதாம் வாய்ப்பாட்டுல ஏழோட நின்னவன் நீ. எங்கிட்டயே மரியாதை பேசுறியா?"

"நீங்க என்ன வேணா சொல்லுங்க டீச்சர். பொய்க் கடிதம்னு நானே எழுதிக் கொடுத்தா, அடுத்த நாளே என்னைத் தூக்கிடுவாங்க." கதவு வரைக்கும் போனவர், திரும்பி, "எண்ணெய்ல நான் ஒரு பங்குதான் எடுத்தேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதை எதற்குச் சொன்னார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

அவர் போன சூட்டோடு விசில் வந்து நின்றார். யார் போய்ப் பற்றவைத்தார்களோ தெரியவில்லை. நான் இல்லை.

"அக்கா, யாரும் ஒண்ணும் எழுத வேண்டாம். பிள்ளைங்க இருக்கிற வீடு, வயசானவங்க இருக்கிற வீடு. என் ஒருத்தனுக்காக எல்லார் அட்டையும் போகணுமா?"

"உனக்காக யாரு எழுதுறா? குட்டிக்காக எழுதுறோம்."

"வேண்டாம்னு சொல்றேன்ல!"

அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை; எதற்கும் விசில்தானே ஊதுவார். நானும் விடவில்லை. "முச்சந்தியில நின்னு சொல்லு, கேட்டுக்கறோம். இது என் கடை தம்பி. இங்க போக்குவரத்து என் இஷ்டம்" என்றேன். அவர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தார். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். டீச்சர் அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து, இஸ்திரி போட்ட துணியையே மறுபடி மடிக்க ஆரம்பித்தார். நான் எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே பார்க்க ஒன்றுமே இல்லை.

புதன்கிழமை காலை மெம்பரின் சட்டைகளை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். சட்டைகள் என்று பன்மையில் சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். இரண்டே இரண்டு. இரண்டுமே வெள்ளை. காலர் நைந்தால் பிரித்துத் திருப்பித் தைத்துப் போட்டுக்கொள்வார். நானும் பார்க்காத மாதிரி பெட்டியை ஓட்டுவேன்.

முன்னறையில்தான் அவருடைய நகலெடுக்கும் கடை இருந்தது. மின்சாரம் போனதிலிருந்து நகல் மெஷின் மேல் ஒரு பழைய போர்வை. அதன் பக்கத்தில் ஸ்டூலில் மெம்பர் பனியனோடு உட்கார்ந்திருந்தார். முழங்காலில் ஒரு தாள். பாதி எழுதியிருந்தது; எழுதியதெல்லாம் அடித்திருந்தது.

"திட்டத்தான வந்தீங்க? திட்டுங்க" என்றார்.

"சட்டை கொடுக்க வந்தேன்."

மெம்பர் மேசை மேலிருந்த முத்திரையைக் கையில் எடுத்தார். "கடை போச்சு. அவளும் பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு ரோடு மூடுறதுக்கு முன்னாடியே அந்தப் பக்கம் போயிட்டா. காலையில எந்திரிச்சா, மெம்பரேன்னு யாராவது ஒருத்தர் வந்து ஒரு கையெழுத்துக் கேக்கறாங்க. அதுக்குத்தான் அக்கா சட்டையே போடுறேன். இதுவும் போச்சுன்னா நான் யாரு?"

மெம்பரைக் கேலி பேசி இந்தத் தெருவில் எத்தனை மாலைப்பொழுதுகளை ஓட்டியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அன்றைக்குச் சட்டைகளை மட்டும் மெஷின் மேல் வைத்தேன்.

"குட்டி நேத்து என் கடைக்கு வந்துச்சு. ஊசியில நூலைக் கோத்துத் தர்றேன்னு எப்பவும் வாங்கும். நேத்தும் வாங்குச்சு. ரொம்ப நேரம் முயற்சி பண்ணிட்டு, ஊசி சரியில்ல அத்தைன்னு திருப்பிக் கொடுத்திருச்சு" என்றேன். "பன்னெண்டு மணிக்கு மூடிடுவாங்களாம்." வேறொன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன்.

பதினொன்றரை மணிக்குப் பள்ளிக்கூட வராந்தாவில் நாங்கள் மூன்று பேரும் நின்றிருந்தோம். நீல அங்கி அம்மாள் எங்கள் தாளைப் படித்துவிட்டுத் தலையை ஆட்டினார். "அந்த மெம்பர் கடிதம் இல்லாம இது வெறும் சிபாரிசுதான்." கடிகாரம் என்னமோ அவருக்கு மட்டும் வேகமாக ஓடியது போல, மற்றக் காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார்.

மெம்பர் படியேறி வந்தார். வெள்ளைச் சட்டை, மேல் பித்தான் வரைக்கும் போட்டிருந்தார். தன் பேர் அச்சடித்த தாளை மேசை மேல் வைத்தார். "நான் கொடுத்த கடிதம் பொய். அந்தப் போலீஸ்காரரு எந்தப் படையிலயும் இல்ல. இதோ, எழுதி முத்திரை வச்சிருக்கேன்."

அம்மாள் படித்தார். "இப்படி மொட்டையா எழுதினா சாவடியில நம்ப மாட்டாங்க சார். எதுக்காகப் பொய் சொன்னீங்க, வந்த பங்கு யார் யாருக்குப் போச்சு, எல்லாம் வேணும்."

மெம்பர் எங்களைப் பார்த்தார். டீச்சர், "எழுதுடா. நான் சொல்லச் சொல்ல எழுது" என்றார். அந்த மேசையிலேயே குனிந்து மெம்பர் எழுதினார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை வெளியே வந்தது: மருந்துக்கடை, இரட்டைக் குழந்தைகள், எண்ணெய், இத்தனை மூடி, மாடிவீட்டு டீச்சர், சோப்பு ஐந்தில் ஒன்று, இஸ்திரிக்காரி, சோப்பு ஐந்தில் ஒன்று. "மேசையில சிந்தினதையும் எழுதிக்கங்க" என்றேன். அதையும் எழுதினார். கடைசி வரியில் தன் பங்கை எழுதினார்.

"கீழே பேரு, தொழில் எழுதுங்க" என்றார் அம்மாள்.

"மெம்பர்னே எழுதலாமா?"

"தாராளமா. அதுவும் தொழில்தானே."

"எழுதினா எந்தப் பகுதியில வைப்பீங்க?"

"பொதுமக்கள்ல."

மெம்பர் ஒரு பெருமூச்சு விட்டார். "சரி. அப்ப நீங்களே எழுதுங்க. கொஞ்சம் நல்ல கையெழுத்தா எழுதுங்க."

வியாழக்கிழமை காலை பேருந்து கிளம்பியது. விசில் சாதாரணச் சட்டை போட்டிருந்தார். நான்தான் தேய்த்துக் கொடுத்தேன், மருந்துக்கடைக்காரருடையது. தோளில் தொளதொள என்று கிடந்தது. பயணியாகப் பேருந்தில் உட்கார அவருக்குத் தெரியவில்லை. இரண்டு தடவை எழுந்து, மற்றவர்களின் பைகளை ஒழுங்காக அடுக்கிவிட்டு வந்தார். குட்டி ஜன்னல் பக்கம். நல்ல கண் இந்தப் பக்கம் இருந்ததால் எங்கள் நாலு பேரையும் பார்த்துக் கையை ஆட்டியது. ஒருவரும் அழவில்லை என்றுதான் எல்லாரும் சொல்லிக்கொள்கிறோம்.

மற்றதெல்லாம் சனிக்கிழமை திரும்பி வந்த டிரைவர் சொன்னது. அவரை என் கடையில் உட்காரவைத்து, இரண்டு சட்டை இலவசமாகத் தேய்த்துக் கொடுத்துக் கறந்தேன்.

சாவடியில் எல்லாரையும் இறக்கினார்களாம். நரைத்த தாடி வைத்த ஒருவர்தான் அங்கே பெரியவர். பட்டியலைப் பார்த்தவர் விசிலைத் தனியே கூப்பிட்டார். கையை நீட்டச் சொன்னார். முழங்கை வரைக்கும் கருத்த கை, மணிக்கட்டுக்குக் கீழே மட்டும் வெளுத்துக் கிடந்தது. "இது என்னய்யா, ரெண்டு ஆளோட கையை ஒட்ட வச்ச மாதிரி?" என்று கேட்டாராம். முச்சந்தியில் வெயிலில் நிற்பவர்கள் வெள்ளைக் கையுறை போட்டுக்கொள்வார்கள் என்று விசில் சொல்லியிருக்கிறார். தாடிக்காரர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்; துப்பாக்கி பிடித்த தழும்பைத் தேடினாராம்.

பிறகு எங்கள் கடிதத்தைப் படித்தார். படித்துக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நின்றார். இன்னொருவனைக் கூப்பிட்டு, சத்தமாகப் படித்தார்: "சோப்பு, நூலால் அறுத்து, ஐந்தில் ஒன்று." அவன் எட்டிப் பார்த்து, "நாமளும் நூல்லதான் அறுக்கறோம் அண்ணே" என்றானாம். இரண்டு பேரும் சிரிக்கவில்லை என்றார் டிரைவர். அதுதான் அவருக்குப் பயமாக இருந்ததாம்.

அப்புறம் தாடிக்காரர் கடிதத்தை மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, குட்டியின் கண்கட்டைப் பார்த்தார். "ஏத்து" என்றார்.

திங்கட்கிழமை ரேஷன் ஆபீஸிலிருந்து ஆள் வந்து எங்கள் நாலு அட்டையையும் ஒரு மாதத்துக்கு நிறுத்தினான். டீச்சர் அவன் கொண்டுவந்த தாளிலும் எழுத்துப்பிழை கண்டுபிடித்தார். இரட்டைக் குழந்தைகளுக்குத் தெருவில் மற்ற வீடுகள் முறை வைத்து மாவு கொடுக்கின்றன; எனக்குக் கொடுப்பதைப் பற்றித்தான் இன்னும் யோசிக்கிறார்கள். மெம்பரை விசாரணைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். முத்திரையை வாங்கிக்கொண்டுவிட்டார்கள். மறுநாள் காலை நான் அவர் வீட்டைத் தாண்டிப் போகையில், ஒருவர் வாசலில் நின்று, "மெம்பரே, ஒரு கையெழுத்து" என்று கேட்டுக்கொண்டிருந்தார். "முத்திரை இல்லையே" என்றார் மெம்பர். "பரவாயில்ல, கையெழுத்து உங்களுதுதானே?" என்றார் வந்தவர்.

பேருந்து போன பத்தாம் நாள் மருந்துக்கடைத் தொலைபேசிக்குக் கொஞ்ச நேரம் உயிர் வந்தது. விசில்தான். நாலு பேரும் ஒரே குழலில் காதை வைத்துக்கொண்டோம்.

"துணுக்கை எடுத்துட்டாங்க அக்கா. கட்டுப் பிரிச்சு விரலை எண்ணச் சொன்னாங்க. சரியா எண்ணிட்டா. மூணு வாரம் இங்கயே இருக்கணுமாம்."

டீச்சர் குழலைப் பிடுங்கி, எத்தனை விரல், எவ்வளவு தூரம் என்று விவரம் கேட்டார். மருந்துக்கடைக்காரர் என்ன சொட்டு மருந்து என்று கேட்டார். எனக்கு வேறு ஒன்று தெரிய வேண்டியிருந்தது.

"தம்பி, அங்க உன்னை என்னன்னு எழுதியிருக்காங்க? போலீஸுன்னா, பொதுமக்கள்னா?"

"ரெண்டும் இல்லக்கா. கழுத்துல ஒரு அட்டை மாட்டிவிட்டிருக்காங்க. 'உடன் இருப்பவர்'னு போட்டிருக்கு."

அதோடு தொடர்பு அறுந்துவிட்டது. குழலை வைத்தேன். மெம்பர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"அது நல்ல பதவிதான்" என்றார்.